தொழிற்சாலை கட்டாத வீடு

குன்றத்தூரில் அத்தைக்கு அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் அவர் இருக்கிறார். பக்கத்து அரை கிரவுண்டில் இருப்பதை எப்போதும் 'வாடகை வீடு' என்றுதான் சொல்வார். 'நம்ம வீடு' என்று அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமா போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணம், அத்தையின் எட்டு சவரன், வங்கிக் கடன் மூன்றும் சேர்ந்து நின்ற சுவர்கள் அவை. ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, பின்னால் துவைக்கிற கல், ஒரு முருங்கை.

2020 ஏப்ரல் மாதம். ஊரடங்கு வந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வாடகை வீட்டில் அப்போது இருந்தவர் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மனைவி, மூன்று வயதுக் குழந்தை. ஐந்தாம் தேதி காலையில் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"அக்கா, இந்த மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க. கம்பெனி எப்ப தொறக்கும்னு தெரியல."

அத்தை உள்ளேயிருந்தே கேட்டார். "அட்வான்ஸையும் கழிச்சுட்டா, நீ போறப்ப வெள்ளையடிக்க நான் எங்கப்பா போவேன்?"

அவர் பதில் சொல்லவில்லை. அத்தையும் மேலே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கிண்ணத்தில் மாவு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 29 அன்று, மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. அதற்கும் இரண்டு நாள் முன்பு ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வழிசெய்தது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. தொழிலாளிக்கு வீடு வேண்டும், வாடகை கேட்கக் கூடாது என்றது அரசு. அது நியாயம்தான். அந்த நியாயத்தின் செலவு வந்து விழுந்த இடம் ஓர் ஓய்வுபெற்ற நடத்துநரின் வீட்டு வாசல்.

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாவதாக ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பின்னால் தோன்றியது. அந்தத் தொழிலாளி யாருக்காகத் தன் ஊரை விட்டு வந்தாரோ, அந்தத் தொழிற்சாலை. வேலைக்கு வந்தவனுக்கு வீடு யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலாகத் தமிழர்கள் வேலை பார்த்த இடங்களில் வேறு வேறு பதில்கள் இருந்திருக்கின்றன. அத்தையின் வாடகை வீடு அவற்றில் ஒன்று. அதுவும் நடுவில் வந்தது. முதலும் கடைசியுமாக வந்தவை வேறு.

லயமும் குவார்ட்டர்ஸும்

முதல் பதில், வேலை கொடுத்தவனே வீடும் கொடுப்பது.

இலங்கை மலையகத்தில் 1820-களில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைக்கும் போன தமிழர்களைத் தோட்ட நிர்வாகம் குடியமர்த்திய இடத்துக்கு லயம் என்று பெயர். லயன் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தின் 'லைன்' தான் மருவி அப்படியானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள், ஒரே கூரையின் கீழ் வரிசையாக. வாடகை கிடையாது. ஆனால் வேலை போனால் கூரையும் போகும். தோட்டத்தில் பேரெழுதி வேலை பார்க்கும் வரைதான் அந்த அறை. தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் பிறந்து இறந்தவர்களுக்குக்கூட அதன்மேல் உரிமை இல்லாமல் இருந்தது. காணியுரிமைக்காக மலையக மக்கள் இன்றும் போராடிக்கொண்டிருப்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இதே பதில் கௌரவமான உருவம் எடுத்தது. 1955-இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை வந்தது, கூடவே ஐ.சி.எஃப். காலனி வந்தது. நெய்வேலியில் நிலக்கரி எடுக்கத் தொடங்கியபோது ஒரு நகரத்தையே திட்டம்போட்டுக் கட்டினார்கள். ஆவடி டாங்க் தொழிற்சாலை, திருச்சி பெல், எல்லாவற்றுக்கும் குவார்ட்டர்ஸ் உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், கோயில். அங்கே வளர்ந்த நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தால் பேச்சில் உடனே தெரிந்துவிடும். "எங்க டவுன்ஷிப்ல..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பா ஓய்வுபெற்ற நாளில் அந்த ஊரே தங்களுக்கு இல்லாமல் போனதையும் அவர்கள்தான் சொல்வார்கள். லயத்துக்கும் குவார்ட்டர்ஸுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது என்ற ஒன்று இரண்டுக்கும் பொது.

கம்பெனி பஸ் வந்த காலம்

ஸ்ரீபெரும்புதூரை 1991 வரை ராமானுஜர் பிறந்த ஊர் என்று தெரியும். அந்த ஆண்டு மே 21-க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று உலகத்துக்கே தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், மன்மோகன் சிங்கின் பட்ஜெட். அந்த பட்ஜெட் திறந்துவிட்ட கதவு வழியாக வந்தவைதான் இந்த ஊரின் மூன்றாவது முகவரியை எழுதின.

ஹூண்டாய் 1996-இல் இந்தியாவில் நிறுவனத்தைத் தொடங்கி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை வெளியே அனுப்பியது. 2000-இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி. 2006-இல் நோக்கியா. 2007-இல் சாம்சங். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். 2013-இல் அதே ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு. சிப்காட் நிலம் எடுத்துக் கொடுத்தது. சாலை, மின்சாரம், தண்ணீர், வரிச்சலுகை எல்லாம் பேசி முடிவாயின. ஆனால் பழைய அர்த்தத்தில் குவார்ட்டர்ஸ் யாரும் கட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கம்பெனிகள் பஸ் விட்டன.

இந்தப் பஸ்தான் குன்றத்தூரை மாற்றியது. அதுவரை இது சேக்கிழார் பிறந்த ஊர், மலைமேல் முருகன் இருக்கிற ஊர், செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து ஊர். சோழநாட்டுத் திருநாகேசுவரத்தின்மேல் பக்தி கொண்ட சேக்கிழார், அடிக்கடி அவ்வளவு தூரம் போக முடியாமல் அதே பெயரில் ஒரு கோயிலை இங்கேயே எழுப்பினார் என்பார்கள். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவரும் வழக்கம் இந்த ஊருக்குப் பழையது. கம்பெனி பஸ் நிற்கும் இடமானதும் வேலை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ, வீடு குன்றத்தூரில் என்றாகிவிட்டது. இந்தப் பக்கம் பல்லாவரம், பூந்தமல்லி. அந்தப் பக்கம் சோமங்கலம். 2014-இல் வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையும் திறந்தது. நெல் விளைந்த இடங்களில் எல்லைக்கல் முளைத்தது.

ஷிப்ட்டுக்குப் போகிற ஆயிரக்கணக்கான பேருக்கு வீடு கட்டும் வேலையைக் கம்பெனி செய்யவில்லை, அரசும் செய்யவில்லை. எந்தத் திட்ட அறிக்கையும் இல்லாமல் நடத்துநர்களும் ஆசிரியைகளும் நிலம் விற்ற விவசாயிகளும் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியவர்களும் அதைச் செய்தார்கள். இதுதான் இரண்டாவது பதில். நெய்வேலியை ஒரு நிறுவனம் கட்டியது. இந்தத் தொழிற்பேட்டையின் குடியிருப்பை ஆளுக்கு அரை கிரவுண்டாக ஊர்க்காரர்கள் கட்டினார்கள்.

பத்திரமும் பயமும்

கட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். நிறைய மனைகள் அங்கீகாரமில்லாதவை. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற ஒரு சொல்லை நம்பித் தவணையில் வாங்கியவை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தபோது, பாதி வாழ்க்கையைக் கொடுத்து வாங்கிய காகிதத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று தெரியாமல் பலர் தவித்தார்கள். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம். அத்தை அந்த ரசீதை இன்றும் பத்திரத்தோடு ஒரே பிளாஸ்டிக் கவரில், பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

பணம் போதாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. அதற்குப் போக்கியம் என்று பெயர். தெற்கே ஒத்தி என்பார்கள். சென்னைப் பக்கம் லீஸ் என்றால் பெரும்பாலும் இதுதான். குடிவருகிறவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுப்பார், வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுதாகத் திரும்பும். அந்தப் பணத்தில் வீட்டுக்காரர் மேல்தளம் போடுவார். அதாவது வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர் குடித்தனக்காரர். வங்கி கால் வைக்காத தெருக்களில் இப்படித்தான் கான்கிரீட் ஏறியது.

சட்டம் இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்தது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னையையும் நகராட்சிகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணமாக இருந்த வழக்கத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம்தான். ஆனால் அத்தையிடம் இருக்கும் ஒப்பந்தம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, தொகை, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

கணக்கு என்ன சொல்கிறது

இது முதலீடுதானே, லாபம் வந்ததா என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். மனையும் கட்டடமும் சேர்த்து 50 லட்சம் மதிப்புள்ள தனி வீடு. மாத வாடகை 12,000. ஆண்டுக்கு 1,44,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்து, சொத்து வரி, மோட்டார், பெயிண்ட் என்று இன்னொரு 12,000 போனால் கையில் நிற்பது 1,20,000. அதாவது 2.4 சதவீதம். வங்கி வைப்புநிதி இதைவிடக் கூடுதலாகத் தரும். 30 லட்சம் கடன் வாங்கியிருந்தால், 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 26,000. வாடகை அதில் பாதிக்குக்கூட வராது.

அப்புறம் ஏன் கட்டினார்கள்? மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை. ஏறவும் செய்தது. அதோடு, பேங்க்கில் கிடக்கும் பணத்தை மகனும் மருமகனும் கேட்பார்கள், சுவரை உடைத்துக் கேட்க மாட்டார்கள். இதை அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சிரிப்புக்காகச் சொன்னதில்லை. பென்ஷன் மாமாவின் பெயரில் வருகிறது. வாடகை மட்டும்தான் அத்தையின் கைக்கு நேராக வரும் பணம்.

தனி வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவது அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் தொழில். 2008 நெருக்கடியில் கடன் கட்ட முடியாமல் பறிபோன வீடுகளை பிளாக்ஸ்டோன் நிறுவனம் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தது. அதற்காக 2012-இல் உருவான இன்விடேஷன் ஹோம்ஸ் 2017-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. இன்று அதனிடம் இருப்பவை எண்பதாயிரத்தைச் சுற்றிய வீடுகள். வரப்போகும் வாடகையை வைத்துக் கடன்பத்திரம் விற்கும் வித்தையைக்கூட 2013-இல் செய்து காட்டினார்கள். அவர்களுக்கு நூற்றில் ஐந்து வீடு காலியாக இருந்தால் அது அறிக்கையில் ஒரு வரி. அத்தையின் வீடு காலியாக இருந்தால் நூற்றுக்கு நூறு காலி.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்களின் வீடுகள் பல மாநிலங்களில் பரவிக் கிடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வீட்டுக்காரர்களின் வாடகையோ பெரும்பாலும் சில தொழிற்சாலை வாசல்களிலிருந்து வருகிறது. நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். வரித் தகராறு முற்றியது, கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டபோது இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேராமல் நின்றது, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது. அடுத்த சில மாதங்களில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கானும் அப்போதைக்கு மூடியது. வேலை இழந்தவர்களின் செய்தியை நாம் படித்தோம். அவர்கள் சாவி கொடுத்துவிட்டுப் போன வீடுகள் செய்தியில் வருவதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. முதலீட்டை வேறு ஊருக்கு நகர்த்தலாம், வீட்டை நகர்த்த முடியாது என்பது அப்போது கரையோரத்தில் கட்டியிருந்தவர்களுக்குத் தெரிந்தது.

வீடு கட்டிலாகும்போது

அதே கணக்கைக் கொஞ்சம் மாற்றுங்கள. அதே மனையில் ஒற்றை அறைகளாக நான்கு போர்ஷன் கட்டி ஆளுக்கு 5,000 வாங்கினால் மாதம் 20,000. ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டு, மூன்று அறையில் பன்னிரண்டு பேரைத் தங்கவைத்துத் தலைக்கு 2,500 என்றால் 30,000. தனி வீட்டில் 12,000. கணக்குத் தெரிந்தவர் யாரும் குடும்பத்துக்கு வீடு விட மாட்டார்.

அப்படியும் தெருவில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற போர்டுகள் தொங்குகின்றன. அதைப் பார்த்து நெகிழ வேண்டாம். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் வேறு கேள்விகள் இருக்கின்றன. "நீங்க என்ன ஆளுங்க?" "கவிச்சி சமைப்பீங்களா?" "எந்த ஊரு, அதுல எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் கட்டிய குடியிருப்பில் ஊரின் அழுக்கும் சேர்ந்தே வந்தது. குவார்ட்டர்ஸில் வீடு ஒதுக்கும்போது ஒரு விதிப்புத்தகமாவது இருந்தது. இங்கே வீட்டுக்காரரின் முகக்குறிதான் விதி. அத்தையும் இந்தக் கேள்விகளைக் கேட்டவர்தான். கேட்கக் கூடாது என்று நான் சண்டை போட்டதும், "நீ வந்து பக்கத்துல இருக்கப் போறியா?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் நடந்தவை.

இதற்கிடையில் தொழிற்சாலைகளுக்குள் வேலை பார்க்கும் ஆள் மாறிவிட்டார். மின்னணுக் கம்பெனிகள் வெளி மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை எடுத்து விடுதிகளில் தங்கவைத்தன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் வேலை செய்பவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நெரிசலான அறைகளையும் தண்ணீரில்லாத கழிப்பறைகளையும் பற்றி அப்போதுதான் வெளியே பேச்சு வந்தது. திருமணமான பெண்களை அந்நிறுவனம் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கானின் தலைவரும் வந்திருந்தார். 18,720 பெண்கள் தங்கலாம். இது மூன்றாவது பதில். 2021-இல் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இது தேவையில்லை என்று சொல்ல முடியாது. சுத்தமான தண்ணீர், தீயணைப்பு வசதி, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் ஒரு பெண்ணுக்குத் தூரத்து ஊரில் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் 18,720 என்பது வீடுகளின் எண்ணிக்கை இல்லை, கட்டில்களின் எண்ணிக்கை. அந்தப் பெண் கல்யாணம் செய்துகொண்டால், குழந்தை பெற்றால், ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து ஒரு மாதம் வைத்துக்கொள்ள நினைத்தால் அந்தக் கட்டில் போதாது. வேலையை விட்டால் கட்டிலும் இல்லை. சுவர் புதிது, சாப்பாடு நல்லது, ஆனால் இந்த ஏற்பாட்டின் முடிச்சு மலையகத்து லயத்தில் போடப்பட்ட அதே முடிச்சு. கூரையை மறுபடியும் வேலையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம்.

இதை யோசிக்கும்போதுதான் 2020-இல் அந்த வாசலில் நடந்தது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. வேலை நின்றுபோன மாதத்திலும் அந்தக் குடும்பம் ஒரு வீட்டுக்குள் இருந்தது. வேலை போனாலும் வீடு உடனே போகாது என்பதுதான் இந்த அரைகுறையான, சாதி கேட்கிற, 2.4 சதவீத வீடுகள் தொழிலாளிக்குக் கொடுத்த ஒரே பெரிய விஷயம். அதை லயம் கொடுத்ததில்லை, கட்டிலும் கொடுக்காது. அதற்கான விலையை முழுக்க வீட்டுக்காரர் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டோம். வாடகை நின்ற மாதங்களில் அத்தைக்குத் தவணை கட்ட உதவும் திட்டம் எதுவும் இருக்கவில்லை. குடும்பத்தோடு வருகிற தொழிலாளிக்குக் கம்பெனியோ அரசோ வாடகையில் ஒரு பங்கு தரும் என்றால், பன்னிரண்டு கட்டில் கணக்கோடு ஒரு தனி வீடு போட்டி போட முடியும். இப்போது முடியாது.

அந்த மூன்று மாத வாடகையை அவர் அட்வான்ஸில் கழிக்கவில்லை. கம்பெனி திறந்த பிறகு ஆயிரமும் ஐந்நூறுமாகக் கொடுத்து அடுத்த பொங்கலுக்குள் தீர்த்தார். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் மனைவியின் ஊருக்குப் பக்கமாக வேலை கிடைத்துப் போய்விட்டார். வெள்ளையடிக்கும் காசை அத்தை பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்.

போன மாதம் போனபோது வீடு காலியாக இருந்தது. புரோக்கர் இரண்டு முறை வந்துவிட்டாராம். வடமாநிலப் பையன்கள் பன்னிரண்டு பேர், வாடகை ஒப்பந்தக்காரர் கணக்கிலிருந்து ஒன்றாம் தேதி டாண் என்று வந்துவிடும். ஹாலை நடுவில் தடுத்து, பின்பக்கம் இன்னும் இரண்டு கழிப்பறை போட வேண்டும். முருங்கையை வெட்டினால் இடம் சரியாக இருக்கும் என்று மேஸ்திரி அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"தை பொறக்கட்டும்" என்றார் அத்தை. வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற வரி இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது.